கட்டுத்தரைக் குறிப்புகள்

சுவரில் உட்கார்ந்திருக்கும் மணல் ஈயை அதன் சிறகை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொசு சிறகை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். இது இரண்டு சிறகையும் தூக்கி, விரித்து வைத்தபடியே உட்காரும். உடம்பின் நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். வைக்கோல் நிறம், மேலெல்லாம் மயிர், பறந்தால் ஓசை வராது. பறக்கிறது என்று சொல்வதுகூட அதிகம். ஓர் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இன்னோர் இடத்துக்குத் தாவித் தாவி நகரும். டார்ச்சை நேராக அடித்தால் கண்ணில் படாது. சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் சிறகின் நிழல் நீண்டு விழும், அப்போது பிடிபடும்.

எடப்பாடியைச் சுற்றிலும் கட்டுத்தரை இல்லாத தோட்டம் குறைவு. கல்லும் மண்ணுமாகக் கட்டிய சுவர், மேலே ஓடு அல்லது தென்னங்கீற்று, இப்போது பல இடங்களில் தகரம். ஒரு மூலையில் காடி, இன்னொரு மூலையில் வழித்துக் குவித்த சாணம். சாமம் வரையில் மாடு அசைபோட்டுக்கொண்டே இருக்கும். மணல் ஈக்கு வேண்டியது எல்லாம் இந்த ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது: பகலில் ஒளிய வெடிப்பு விட்ட சுவர், இரவில் குடிக்க ரத்தம், முட்டையிட ஈரமும் மக்கும் பொருளும் கலந்த மண்.

இந்தப் பூச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் எழுதுகிறார்கள். அங்கேதான் அது காலா அசார் எனும் கருங்காய்ச்சலைச் சுமந்து திரிந்தது. நம் சமவெளியில் அந்தக் காய்ச்சல் இன்று இல்லை. ஈ மட்டும் இருக்கிறது. ஈ இருந்தும் நோய் இல்லாத ஓர் ஊரில் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

*

மணல் ஈயில் பல இனங்கள் உண்டு. செர்ஜென்டோமையா வகையில் பலவும் பல்லி, ஓணான் போன்றவற்றின் ரத்தத்தை நாடுபவை. நமக்கு அவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்பதுதான் இந்தியாவில் கருங்காய்ச்சலைப் பரப்புவது. 1908-இல் அன்னன்டேலும் புருனெட்டியும் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். மாட்டு ரத்தமே அதற்கு முதல் விருப்பம். மாட்டுக்குப் பக்கத்தில் மனிதன் படுத்திருந்தால் மனிதனையும் விடாது.

கைலென்ஸை வைத்து எந்த இனம் என்று முடிவு செய்ய முடியாது. பெண் ஈயைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் விந்துப்பையின் வடிவத்தையும் வாயறையில் இருக்கும் பற்களின் வரிசையையும் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் உயிருக்குள் இத்தனை உறுப்புகள் இருப்பதும், அவற்றை ஊசிமுனையால் பிரித்தெடுக்கப் பழகிய கைகள் இருப்பதும், இரண்டுமே எனக்கு வியப்புத்தான். பூனாவிலும் பாட்னாவிலும் மதுரையிலும் புதுச்சேரியிலும் அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் நோயாளியைத் தொடுவதில்லை. யாரும் வந்து அவர்களைக் கும்பிட்டு நன்றி சொல்வதும் இல்லை.

*

இதன் புழுவைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கொசுப்புழு என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தொட்டி, டயர், கொட்டாங்குச்சி என்று கவிழ்த்துப் பார்த்தால் நெளிந்துகொண்டிருக்கும். மணல் ஈ தண்ணீர்ப் பக்கமே போகாது. காய்ந்து பொடியான சாணம் கலந்த மண், சுவரடி இடுக்கு, எலி வளை, இலை மக்கும் நிழல் என்று ஈரம் முழுதும் வற்றாத இடமாகப் பார்த்து முட்டையை விடுகிறது. வெளிவரும் புழு மண்ணோடு மண்ணாக இருக்கும். வால் முனையில் உடம்பளவு நீண்ட மயிர்கள். மக்கிய துணுக்குகளைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, ஈயாக எழும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. குளிரில் இன்னும் அதிகம்.

மண்ணை வாரிச் சலித்து, உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கலக்கி மிதக்கவிட்டுத் தேடுகிறார்கள். கூடை கூடையாக மண்ணைச் சலித்தும் சில புழுக்கள்தான் கிடைக்கும். அதனால் வேறொரு வழி கண்டார்கள். தரையின்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அந்த மண்ணிலிருந்து எழும்பி வரும் ஈயைப் பிடிப்பது. ஈ வந்தால் அந்த மண்ணில் புழு இருந்தது என்று அர்த்தம். பொறுமையைத் தவிர இந்த வேலைக்கு வேறு கருவி பெரிதாக இல்லை.

கொசுவை ஒழிக்கிற பழக்கத்தில் ஊறிய நமக்கு இது புரிய நேரமாகும். வீதியில் புகை அடித்தால் சாணத்தூளுக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கட்டுத்தரையைத் தினம் வழித்து, சாணத்தை வீட்டுக்குத் தள்ளி எருக்குழியில் போட்டு, சுவரடி வெடிப்பை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துப் பூசினால் ஆகும். கொங்குப் பெண்கள் பொழுது விடியும் முன்பே செய்து முடிக்கிற வேலை அது. அதன் பலன் இன்னது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவர்களும் கூலி கேட்டதில்லை.

*

ஆமணக்கு எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள் மணல் ஈயைப் பிடிக்கும் பழைய பொறி. உலகத்தில் எங்கே மணல் ஈ ஆராய்ச்சி நடந்தாலும் இந்தத் தாளைப் பார்க்கலாம். எண்ணெய் சீக்கிரம் காயாது, பூச்சி சிதையாமல் ஒட்டிக் கிடக்கும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொட்டமுத்து இந்த மண்ணுக்குப் பழகிய பயிர். இங்கே வரப்போரம் முளைக்கிற செடியின் எண்ணெய்தான் சூடானிலும் பிரேசிலிலும் அந்தத் தாள்களில் இருந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே தாளில் எண்ணெயைத் தடவினேன்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா பால் கறக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னங்க தம்பி, செவுத்தோரமாத் தாளைக் கட்டி வெச்சிருக்கறீங்க?"

"பூச்சி ஒட்டுதான்னு பாக்கறனுங்க அக்கா."

"கொசுவுங்களா?"

"கொசுவுக்கும் சின்னதுங்க. சத்தமே வராது."

கையில் செம்போடு கொஞ்ச நேரம் யோசித்தார். "கொசுச் சத்தமே இல்லாத ராத்திரியிலயும் மாடு காலை ஒதறிக்கிட்டே கெடக்குமுங்க. நானும் உண்ணியான்னு தடவித் தடவிப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது. அதுங்களா?"

"அதா இருக்கலாமுங்க."

நுண்ணோக்கி இல்லாமல், நூல் படிக்காமல், மாட்டின் காலை வைத்து அவர் கவனித்திருந்தார். ஓசையில்லாத ஒன்று கடிக்கிறது என்பது வரைக்கும் சரியாக வந்துவிட்டார். நல்ல ஆராய்ச்சி தொடங்குவதே இங்கேதான்.

காலையில் தாளில் தூசியும் அந்துப்பூச்சியின் செதிலும் சின்னஞ்சிறு வண்டுகளும் ஒட்டியிருந்தன. நடுவே சில மணல் ஈக்கள். சிறகு எண்ணெயில் படிந்து விரிந்திருந்தது. அதன் நரம்போரத்து மயிர்கள் லென்ஸில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கண் இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத கருப்பு. ஒன்றின் வயிறு உப்பி, உள்ளே இருந்த ரத்தம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. இன்னொன்றின் வயிறு முட்டை நிறைந்து வெளிறியிருந்தது. நேற்று அது குடித்தது யாருடைய ரத்தம்? மாட்டினுடையதா, ஆட்டினுடையதா, திண்ணையில் படுத்திருந்தவருடையதா என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட முடியும். எந்த ஊரில் ஈ மாட்டைவிட மனிதனை அதிகம் கடிக்கிறது என்பதை அப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

இது கொசுவைப்போல ஊசியாக இறக்கி நாளத்திலிருந்து உறிஞ்சாது. தோலைச் சிறிது கிழித்து, அங்கே ஊறும் துளியைக் குடிக்கும். நோயாளியின் ரத்தத்தோடு ஒட்டுண்ணியும் உள்ளே போனால், ஈயின் குடலில் அது உருமாறி, வால் முளைத்து, நீந்திப் பெருகும். சில நாட்களில் ஒருவகைக் கூழைச் சுரந்து ஈயின் தொண்டையையே அடைத்துவிடும். அடைபட்ட ஈயால் ஒழுங்காகக் குடிக்க முடியாது. கடித்து, கக்கி, மறுபடி கடிக்கும். கக்கியதில் ஒட்டுண்ணி அடுத்தவர் தோலுக்குள் இறங்கும்.

*

சென்னை, 1903.

சார்லஸ் டோனவன் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர், அரசு பொது மருத்துவமனை மருத்துவர். சென்னையில் நாள்பட்ட காய்ச்சலில் இளைத்து, வயிறு உப்பி, மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வீங்கி வருகிறவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மலேரியா என்றே பெயர் எழுதி, கொயினா கொடுத்தார்கள். கொயினா வேலை செய்யவில்லை. இறந்துபோன ஒருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சில் டோனவன் சின்ன முட்டை வடிவங்களைக் கண்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் பெரிய புள்ளி ஒன்று, சின்னக் கோடு ஒன்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லெய்ஷ்மன், டம்டம்மிலிருந்து காய்ச்சலோடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதே மாதிரி கண்டதை வெளியிட்டார்.

இறந்த உடம்பில் தெரிவது அழுகலின் விளைவாக இருக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியும். உயிரோடு இருப்பவரில் காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி விட்டு எடுத்த துளியில் டோனவன் அதைக் காட்டினார். பையனுக்கு ஒழுங்கில்லாத காய்ச்சல். ரத்தத்தில் மலேரியா கிருமி இல்லை. நூல்களில் அவனைப் பற்றி இவ்வளவுதான் வருகிறது. வீங்கிய மண்ணீரலில் ஊசி விடுவது லேசான காரியம் இல்லை, உள்ளே ரத்தம் கசிந்தால் உயிர் போகும். அவன் படுத்துக்கொண்டு வயிற்றைக் காட்டியிருக்கிறான். அதே ஆண்டின் இறுதியில் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்கு லெய்ஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். ராஸ் செய்தது நியாயம். ஆனால் டோனவன் என்று படிக்கும் இடத்தில் எல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வருகிறது. அவனுக்கு மருந்து இல்லை. நல்ல மருந்து வர இன்னும் இருபது ஆண்டு இருந்தது.

டோனவன் வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர். சிறகின் கோடுகளைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தப் புள்ளியும் கோடும் சட்டென்று பிடிபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

கிருமி கிடைத்துவிட்டது. அதைச் சுமந்து வருவது எது என்று கண்டுபிடிக்க நாற்பது ஆண்டு ஆனது.

முதலில் மூட்டைப்பூச்சிமேல் பழி விழுந்தது. பாட்டன் என்ற மருத்துவர் சென்னையில் ஆண்டுக்கணக்காக இதை ஆராய்ந்தார். மூட்டைப்பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி வால் முளைத்துப் பெருகுவதையும் கண்டார். ஏழை வீடு, கயிற்றுக் கட்டில், மூட்டைப்பூச்சி, காய்ச்சல் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. நம்பாமல் இருப்பதுதான் கடினம். ஆனால் மூட்டைப்பூச்சி கடித்து யாருக்கும் நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை.

1920களில் சின்டன் என்ற ஆய்வாளர், அர்ஜென்டிபெஸ் ஈ இருக்கும் நிலப்பரப்பும் கருங்காய்ச்சல் இருக்கும் நிலப்பரப்பும் ஒத்துப்போவதைக் கவனித்தார். 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் நோயாளியைக் கடித்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி நீந்துவதைப் பார்த்தார்கள். அதன்பிறகும் பதினைந்து ஆண்டுக்கு மேல் தோல்விதான். ஆய்வகத்தில் ஈ ஒருமுறை ரத்தம் குடித்து, முட்டையிட்டு, செத்துப்போகும். இரண்டாவது தடவை கடிக்கிற வரைக்கும் அது உயிரோடு இருந்தால்தானே ஒட்டுண்ணியை இறக்கும்.

விடை உலர்ந்த திராட்சையில் இருந்தது. ரத்தம் குடித்த ஈக்கு அடுத்ததாக ரத்தம் கொடுக்காமல், ஸ்மித்தும் அவரோடு வேலை செய்த ஹால்தார், அகமது இருவரும் திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈக்கள் நாள்கணக்கில் உயிரோடு இருந்தன. ஒட்டுண்ணி பெருகித் தொண்டையை அடைத்தது. செடிகளின் இனிப்புச் சாறும் இந்த ஈயின் உணவு என்பதை அதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது பயங்கரமாகத் தெரிந்ததால்.

1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் இந்த வழியைப் பின்பற்றி, ஒட்டுண்ணி ஏறிய ஈக்களை மனிதர்களைக் கடிக்கவிட்டார்கள். தாமாக முன்வந்த ஐந்து பேருக்கும் நோய் வந்தது. கேள்வி தீர்ந்தது. கையை நீட்டி ஈயைக் கடிக்கவிட்ட அந்த ஐந்து பேருக்கும் எந்த ஊரிலும் சிலை இல்லை.

அதற்குள் மருந்து வந்திருந்தது. கல்கத்தாவின் கேம்பெல் மருத்துவமனையில், எரிவாயு இணைப்போ தண்ணீர்க் குழாயோ மின்விளக்கோ இல்லாத ஒரு சின்ன அறையில், மண்ணெண்ணெய் விளக்கில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆன்டிமனியோடு போராடி 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைனைக் கொண்டுவந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் செத்த நோயில், பெரும்பாலோர் பிழைக்கத் தொடங்கினார்கள். அந்த மருந்து இல்லாதிருந்தால் 1942 சோதனையைச் செய்ய யாருக்கும் மனம் துணிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

*

நோயை நிர்ணயிப்பது சுவர்.

பீகாரில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் முசகர் மக்கள் முன்னணியில் இருக்கிறார்கள். சொந்த நிலம் இல்லாத கூலிகள். மண்சுவர், கூரை, மண்தரை; மாடோ ஆடோ மனிதர் படுக்கும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில். பூசாத சுவரின் ஒவ்வொரு வெடிப்பிலும் ஈ ஒளிய இடம் உண்டு. வயிற்றுக்குச் சரியாக இல்லாத உடம்பில் ஒட்டுண்ணி சீக்கிரம் வெல்லும். காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அதனால் எழ முடியாமல் விழும்வரைக்கும் மருத்துவரிடம் போவதில்லை. அதுவரைக்கும் ஈ அவரைக் கடித்துக்கொண்டிருக்கும்.

1950களில் மலேரியாவுக்காக நாடு முழுவதும் வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தார்கள். மணல் ஈயை யாரும் நினைக்கவில்லை, ஆனால் சுவரில் உட்காரும் ஈ என்பதால் அதுவும் செத்தது. கருங்காய்ச்சல் ஏறத்தாழ மறைந்தே போனது. மலேரியா குறைந்தது, தெளிப்பது நின்றது. சுவர்கள் அதே சுவர்களாக இருந்தன. 1970களில் நோய் திரும்பியது. 1977-இல் பீகாரில் சுமார் ஒரு லட்சம் பேருக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள். 1992-இல் இந்திய அரசின் கணக்கில் 77,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், 1,400-க்கு மேற்பட்ட சாவுகள்.

இந்த ஒரு செய்திதான் என்னை மறுபடி மறுபடி கட்டுத்தரைக்கு அனுப்புகிறது. நோய் போன காலத்தில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. ஈ திரும்பிப் பெருகியதை எண்ணியவர் இல்லை. மனிதர் படுத்த பிறகுதான் கணக்கு தொடங்கியது.

இப்போது இரண்டாவது தடவையாக நோய் குறைந்திருக்கிறது. 2014 முதல் ஒரே நாளில் ஏற்றி முடிக்கிற லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு முன்பு மூன்று, நான்கு வாரம் தினம் ஊசி. ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்பது இலக்கு. 2023-இல் இந்தியாவில் நோய் இருந்த ஒன்றியங்கள் எல்லாமே அந்த இலக்குக்குள் வந்தன. நாடு முழுவதற்கும் நோயாளிகள் ஆயிரத்துக்கும் கீழே. அதே ஆண்டு வங்கதேசம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நோயை ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. எத்தனையோ ஆயிரம் பேர் வீடு வீடாக நடந்த நடை இது. மனதாரக் கொண்டாட வேண்டியது. கொண்டாடும்போதே எனக்கு அடிவயிற்றில் 1977 வந்து நிற்கிறது.

*

நமக்கு அதெல்லாம் வராது என்று சொல்கிறவர்களுக்காக இரண்டு இடங்கள்.

இலங்கையில் அர்ஜென்டிபெஸ் ஈ பழங்காலந்தொட்டு உண்டு. நோய் இருந்ததாகத் தெரியவில்லை. 1992-இல் அந்த மண்ணிலேயே தொற்றிய முதல் நோயாளி பதிவானார். 2001-க்குப் பிறகு எண்ணிக்கை ஏறியது. வன்னிக் காட்டில் இருந்த சிப்பாய்கள், அனுராதபுரத்தின் குளக்கரை உழவர்கள், தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறைக் கிராமத்தார். காய்ச்சல் இல்லை. முகத்திலோ கையிலோ வலிக்காத ஒரு பரு, மாதக்கணக்கில் ஆறாது, நடுவில் குழிந்து புண்ணாகும். உள்ளே இருப்பது அதே லெய்ஷ்மேனியா டோனவானி. பீகாரில் மண்ணீரலைத் தின்கிற இனம், அங்கே தோலோடு நிற்கிறது. இனத்துக்குள் ஒரு சின்ன வேறுபாடு.

இன்னும் பக்கத்தில், அகத்தியமலையின் கேரளப் பக்கம், காணி மக்களின் குடியிருப்புகள். அங்கேயும் தோல் புண்கள். புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தார் போய்ப் பார்த்தார்கள். லெய்ஷ்மேனியா டோனவானி, சுற்றிலும் அர்ஜென்டிபெஸ். அந்த மலையின் மறுசரிவு திருநெல்வேலிச் சீமை.

வலிக்காத புண்ணுக்கு யாரும் வேலையை விட்டு மருத்துவரிடம் போவதில்லை. எறும்பு கடித்தது, சிலந்தி கடித்தது என்று மஞ்சளை அரைத்துப் போடுவார்கள். பல வருடம் அப்படியே போயிருக்கும்.

*

எடப்பாடியின் விசைத்தறிக் கூடங்களில் இப்போது இந்திப் பேச்சு கேட்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் அப்படியே. பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். பத்தொன்பது, இருபது வயது. கூடத்தை ஒட்டிய தகர அறையில் ஐந்தாறு பேர். இரவு ஷிப்ட் முடித்து ஒரே தட்டத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அவர்களைப் பார்த்துப் பயப்பட எந்தக் காரணமும் இல்லை. தொட்டாலும் கூடச் சாப்பிட்டாலும் கருங்காய்ச்சல் ஒட்டாது. பயம் இருக்க வேண்டியது அவர்களுக்காக. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், எடை குறைதல், இடப்பக்க வயிற்றில் கனம் என்று ஒருவன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், இங்கே உள்ள மருத்துவருக்கு முதலில் டைபாய்டு தோன்றும், டெங்கு தோன்றும். கருங்காய்ச்சல் நோயாளியை அவர் படிப்பில் தவிர எங்கும் பார்த்திருக்க மாட்டார். "ஊர் எது?" என்று ஒரு கேள்வி கேட்டு, விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்த்தால் போதும், யோசனை அந்தப் பக்கம் திரும்பும். விரல்நுனியில் ஒரு துளி ரத்தம், ஆர்கே 39 என்ற பட்டை, பத்து நிமிடம் போல. டோனவன் ஊசி விட்ட இடத்துக்கு இன்று ஊசி தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சல் குணமாகி மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்கு முகத்திலும் உடம்பிலும் வெளிறிய தேமல் வரும். உடம்புக்கு ஒரு சிரமமும் இருக்காது, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். தொழுநோய் என்று தவறாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். அந்தத் தேமலில் ஒட்டுண்ணி இருக்கிறது. கடிக்கிற ஈ அதை எடுத்துக்கொள்ளும். காய்ச்சல் அடங்கிய ஊரில் நோயைக் காத்துவைப்பது இந்தத் தேமல்தான் என்று பீகாரில் இப்போது அதைத் தேடி நடக்கிறார்கள். தேமலோடு ஒரு பையன் தகர அறையில் படுத்திருந்தால், அவனுக்குக் கிடைக்க வேண்டியது பன்னிரண்டு வாரம் விழுங்குகிற மாத்திரை. அறையைக் காலி செய் என்ற சொல் அவன் காதில் விழக்கூடாது.

*

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத்துறைக்கு ஓசூரில் நோய்க்கடத்திகளுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் பூச்சியியலாளர்கள் இருக்கிறார்கள். டெங்கு வந்ததிலிருந்து அவர்களுக்குக் கொசுவிலிருந்து தலையெடுக்க நேரமில்லை, அது நியாயமும்கூட. நான் கேட்பது சின்னது. மணல் ஈயைத் தேடுவதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: ஒருவர் ஒரு மணி நேரம் சுவர்களைத் தேடினால் எத்தனை ஈ கிடைத்தது என்பது. டார்ச்சும், வாயால் உறிஞ்சிப் பிடிக்கிற கண்ணாடிக் குழலும் போதும். சரபங்கா ஆற்றங்கரையில் சில கட்டுத்தரைகள், பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக்கரையில் சில, மேட்டுக்காட்டில் சில. மாதம் ஒருமுறை அதே சுவருக்குப் போய், எத்தனை, எந்த இனம், வயிற்றில் யாருடைய ரத்தம் என்று எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலான மாதங்களில் அந்த ஏட்டில் சொல்லும்படியாக ஒன்றும் இருக்காது. காய்ச்சல் வந்துவிட்ட ஒரு வருடத்தில், அதற்கு முந்திய வருடங்களின் கணக்கைப் புதிதாக யாராலும் எழுத முடியாது.